தென்காற்றில் கதவு தட்டுகிறவன்

தென்காற்று அடித்தால் இலாரியோன் வந்துவிடுவான்.

செத்தவனுக்குக் காற்றென்ன, மழையென்ன என்று நீங்கள் கேட்கலாம். புரோஃபிராவும் பாதிரியாரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஜன்னலை நல்லா சாத்திட்டுப் படும்மா" என்றார். ஜன்னலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஆற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பி, முற்றத்து வால்நட் மரம் தலையை ஆட்டத் தொடங்கியதும், வீட்டுக்குப் பின்னால் மேட்டுக்குள் குடைந்திருக்கும் நிலவறையிலிருந்து அந்தச் சத்தம் வரும். டொம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, டொம். அவசரமில்லாத சத்தம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தவன் தட்டுகிற சத்தம்.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போகும். சிலுவை தொங்கிய அதே கயிற்றில் நிலவறைச் சாவியும் தொங்கியது. சாவி இருக்கிறது என்று தெரிந்தாலும் மனம் ஆறாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போவாள், பூட்டைத் திறப்பாள், படியிறங்குவாள். கடைசிப் படியில் நின்றுவிடுவாள். தரையில் கால் வைப்பதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அங்கிருந்து டார்ச்சை நீட்டி, மூலையில் படுத்திருக்கும் பீப்பாயைப் பார்ப்பாள். அதுவும் அவளைப் பார்ப்பது போல இருக்கும். பிறகு ஏறி வந்து பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்து, வீட்டுக்குள் போவாள். காற்றில்லாத நாளிலும் இந்த வழிபாடு தவறியதில்லை.

அது அவள் தம்பி இலாரியோன் போட்ட கடைசி ஒயின். மோல்தோவாவில் நிலவறை இல்லாத வீடும் கிடையாது, நிலவறைக்குள் ஒரு தடவையாவது தடுமாறி விழாத ஆளும் கிடையாது. ஆனால் அக்காவும் தம்பியும் விழுந்த விதம் வேறு. ஊரே விருந்துக்குக் குடித்தது, இவர்கள் இருவரும் ஒரு விசேஷமும் இல்லாத திங்கட்கிழமைக்கே குடித்தார்கள். புரோஃபிரா இத்தாலிக்குப் போய் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கிழவியின் மாத்திரையைத் தான் விழுங்கி, தன் புட்டியைக் கிழவியின் தலையணைக்கடியில் ஒளித்த நாளில் வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பியவள் எப்படியோ நிறுத்திவிட்டாள். தான் நிறுத்தியதும் தம்பியையும் நிறுத்த வைத்துவிடலாம் என்று நினைத்தாள். நிலவறைக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். அவன் வந்தால் பையைத் தடவிப் பார்த்தாள், மூச்சை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் வீட்டுக்கே வராதே என்றாள். அவன் குளத்தங்கரையில் பழைய கூட்டுப்பண்ணைக் கொட்டகையில் போய் இருந்துகொண்டான்.

பனி கொட்டிய ஒரு சாயங்காலம் அவன் வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். "அக்கா, தொற. கொஞ்ச நேரம்தான்."

புரோஃபிரா ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "சாவி தர மாட்டேன், போடா!" என்று உள்ளிருந்தே கத்தினாள். இன்னும் இரண்டு தட்டு. அப்புறம் சத்தமில்லை. மறுநாள் காலையில் குளத்தங்கரைப் பாதையில் விறைத்துக் கிடந்தான். வாயில் ஒயின் வாடை.

கதவைத் திறந்திருந்தால் அடுப்போரம் சுருண்டு படுத்துக் காலையில் எழுந்திருப்பான். இது ஒரு ஆணி. அந்தப் பனியில் அவனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தது யார்? இது இன்னொரு ஆணி. குளத்தங்கரைப் பாதையில் கடைசி வீடு துதோராவுடையது. யார் வந்து நின்றாலும் ஒரு கோப்பை ஊற்றாமல் அனுப்பாதவள். துதோரா சுவாமி படத்தைத் தொட்டு, "நான் குடுக்கல" என்று சத்தியம் செய்தாள். புரோஃபிரா நம்பவில்லை. அன்றிலிருந்து இருவரும் வேலிக்கு மேலாகப் பல்லைக் காட்டிக்கொள்வதோடு சரி. பாவம், புரோஃபிரா ஒரு கையால் தன்னையும் மறு கையால் அண்டை வீட்டுக்காரியையும் அறைந்துகொண்டே வருஷங்களை ஓட்டினாள்.

இறந்தவர் ஈஸ்டர் நெருங்கியது. ஈஸ்டருக்கு அடுத்த வாரம், ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், செத்தவர் பேரைச் சொல்லி உயிரோடிருப்பவருக்குத் தானம் கொடுக்கும் நாள். ரொட்டியோ கோப்பையோ துண்டோ, இங்கே ஒரு கையில் கொடுத்தால் அங்கே அவர்கள் கையில் போய்ச் சேரும். அந்த வாரம் துதோரா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏ புரோஃபிரா! நேத்து உன் தம்பி என் கனவுல வந்தான்டி."

"உன் கனவுக்கு எதுக்கு வர்றான்? எங்கிட்டச் சொல்ல வாயில்லையா?"

"உங்கிட்டக் கேட்டுத்தான் கதவு தொறக்கலயே." சொல்லிவிட்டுத் துதோராவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கையில காலி டம்ளரு. கவுத்துக் கவுத்துக் காட்டுறான். ஒரு சொட்டு இல்ல. வருஷா வருஷம் நீ அவன் பேருல பழச்சாறு குடுத்தா அவன் என்னடி பண்ணுவான்? ஞானஸ்நானத்துக்கு அப்புறம் ஒயினைத் தவிர எதையும் நாக்குல வைக்காதவன்!"

புரோஃபிரா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.  செத்தவர் கனவில் கேட்டதைக் கொடுக்காமல் விட்டவர்கள் அந்த ஊரில் இல்லை. கடையில் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்பீர்கள். அவன் காலால் மிதித்த திராட்சை அவன் வீட்டிலேயே பீப்பாயாகப் படுத்திருக்க, கடை ஒயினைக் கொண்டுபோய்க் கல்லறையில் வைத்தால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை விடு. பீப்பாயிலிருந்து ஒயினை எடுப்பதென்றால் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒரு வாய் போதும், அவள் தொலைந்தாள். எடுக்காவிட்டால் தம்பி அங்கே தாகத்தோடு கிடப்பான். எடுத்தால் இவள் இங்கே கிடப்பாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னாள். மருத்துவ நிலையத்தின் பின்னறையில் குடியை விட்டவர்கள் ஏழெட்டுப் பேர் கூடித் தேநீரும் வேஃபர் பிஸ்கட்டுமாகப் பேசும் கூட்டம். புரோஃபிரா அங்கே ஒரு நட்சத்திரம். "என் காலுக்கடியில ஒரு பீப்பாய் ஒயின் இருக்கு. தொட்டதில்ல" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். ஹராலம்பி மட்டும் தட்ட மாட்டான். ஓர்ஹெய் நகரத்துக்குப் போகும் தடத்தில் பேருந்து ஓட்டியவன். இரண்டு தடவை குடியை விட்டு இரண்டு தடவையும் விழுந்தவன். இது மூன்றாவது.

"நீ குடிக்கல, சரி" என்றான் ஹராலம்பி. "ஆனா தெனமும் போய் அதைப் பாக்குற. நான் குடிச்ச காலத்துலகூட என் பாட்டிலை அவ்வளவு ஆசையாப் பாத்ததில்ல, தங்கச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். புரோஃபிராவுக்குக் காது சிவந்தது. "நான் காவல் இருக்கேண்ணே."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? நான் பாக்கலன்னா யாரு பாக்குறது?"

"யாரும் பாக்க வேணாம். சாவியை யார்கிட்டயாவது குடுத்துடு."

"இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க."

ஹராலம்பி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "எங்கிட்டயா! பொழுது சாயுறதுக்குள்ள பீப்பாய்க்குள்ள நீச்சல் அடிச்சிட்டிருப்பேன்."

"பாதிரியார்கிட்டக் குடுக்கிறேன்."

"அவரு நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவாரு. சொன்ன பேச்சு கேக்குற ஆள்கிட்டக் குடுத்தா அது உன் கழுத்துலயே தொங்குற மாதிரிதான்." அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்தான்.  "நான் விழுந்த ரெண்டு தடவையும், 'இனிமே எல்லாம் என் கையில இருக்கு'ன்னு பொண்டாட்டிகிட்டச் சொன்ன மறுவாரம்தான் விழுந்தேன். உனக்குத் துளிகூட நம்பிக்கை இல்லாத ஆள் யாராவது இருக்காங்களா? அங்க குடு."

அந்த ஆள் யார் என்று புரோஃபிரா சொல்லவில்லை. ஆனால் கேட்ட மறு நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றும் மறுநாளும் மனத்துக்குள் ஹராலம்பியைத் திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் காற்று கிளம்பியது. டொம். டொம். தட்டு நிற்கவேயில்லை. அவள் டார்ச்சை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் வெறுங்கையோடு வேலியைச் சுற்றிக்கொண்டு துதோரா வீட்டுக்குப் போனாள்.

துதோரா கல்லறைக்குக் கொண்டுபோக முட்டைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவப்பு. புரோஃபிரா கயிற்று முடிச்சோடு மல்லுக்கட்டினாள். வருஷக்கணக்கில் வேர்வை குடித்த முடிச்சு, அவிழுமா? துதோரா கத்தியை எடுத்து வந்து ஒரே அறுப்பாக அறுத்தாள். சிலுவை புரோஃபிரா கையில் விழுந்தது, சாவி துதோராவின் சிவந்த கையில்.

"எதுக்குடி எங்கிட்டக் குடுக்குற?"

"உன்னை நம்பல. அதனாலதான்."

"நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"நீ போய் அவனுக்கு ஒரு குடம் எடுத்துக்கோ அக்கா. மிச்சத்தை என்ன வேணா செய். நான் முற்றத்துல உக்காந்திருப்பேன். என்னை உள்ள கூப்பிடாத."

தன் முற்றத்துக்குத் திரும்பியதும் புரோஃபிரா வாளியைக் கவிழ்த்துப் போட்டு வால்நட் மரத்தடியில் உட்கார்ந்தாள். வாளியின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். கழுத்து லேசாக இருந்தது, அதுவே பயமாக இருந்தது. பூட்டு திறந்தது. துதோராவின் கனத்த கால் படியிறங்கியது. இப்போது ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினால் என்ன? நானே எடுத்துக்கொள்கிறேன், நீ போ என்றால் என்ன? அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போகிறவள் எதற்காகப் போவாள் என்று அவளுக்கே தெரியும். வாயில் எச்சில் ஊறியது. வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது சத்தம் வந்தது. டொம். டொம்.

காற்று நின்றிருந்தது. வால்நட் இலைகூட அசையவில்லை. அதே சத்தம், அதே நிதானம். புரோஃபிரா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே துதோரா பீப்பாயைத் தட்டிப் பார்க்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. ஒயின் வீட்டில் பிறந்த எவளும் முதலில் அதைத்தான் செய்வாள். நிறைந்த பீப்பாய் சுவரைத் தட்டினாற்போல மொக்கையாகச் சத்தம் கொடுக்கும். காலியானதுதான் இப்படி முழங்கும். மூன்று வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து கற்ற பாடம் அது. இத்தனை வருஷம் காலிப் பீப்பாயின் குரலைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தம்பி நிலவறைக் கதவைத் தட்டுகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

"ஏ புரோஃபிரா!" உள்ளிருந்து துதோரா அலறினாள். "இது காலிடி!"

புரோஃபிரா எழுந்து ஓடினாள். கடைசிப் படி வந்தது. தாண்டினாள். துதோரா பீப்பாய்க்குப் பின்னால் தன் டார்ச் வெளிச்சத்தைக் காட்டினாள். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தின் வழியாக ஒரு கறுத்த ரப்பர் குழாய் இறங்கித் தொங்கியது. நுனியில் ஒரு பெரிய இரும்பு நட்டு கட்டியிருந்தது, ஒயினுக்குள் மூழ்குவதற்காக. மேலே மறுபடி காற்று ஊதியது. நட்டு மெல்ல ஆடி வந்து பீப்பாயின் முதுகில் மோதியது. டொம்.

பீப்பாயின் வாய் அடைப்பில்லாமல் திறந்தே கிடந்தது. அதை அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே உருட்டி வைத்ததே இலாரியோன்தான் என்பது புரோஃபிராவுக்கு ஞாபகம் வந்தது. 'இங்க வச்சா நல்லா மூச்சு விடும்க்கா' என்று சொல்லி வைத்தான். பூட்டு வருவதற்கு முன்பே அவனுக்குப் பூட்டு வரும் என்று தெரிந்திருக்கிறது. மேட்டின் மேல் முட்புதருக்குள் குப்புறப் படுத்து, துவாரத்தின் தகர மூடியைத் தூக்கி, கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சியிருக்கிறான். அவள் கீழே பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துதோரா பீப்பாயைச் சாய்த்து, அடியில் கிடந்ததைக் கொஞ்சம் பிடித்து முகர்ந்தாள், முகம் கோணிற்று. "புளிச்சுப்போன காடிடி. மூக்கைப் பொளக்குது. ஊறுகாய்க்கு ஆகும்." அவள் சிரிக்கத் தொடங்கினாள். "இலவு காத்த கிளி! காடிக்கா இத்தனை வருஷம் காவல் இருந்த?" சிரிப்பு பாதியில் அறுந்து அழுகையாயிற்று. "நான்தான் ஊத்திக் குடுத்துக் கொன்னேன்னு எம்மூஞ்சியில முழிக்காம இருந்தியே, பாவி."

"தப்புக்கா. தப்பு" என்றாள் புரோஃபிரா. "மன்னிச்சிடு." துதோராவின் சிவந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். சாயம் அவள் கையிலும் ஒட்டியது.

முதலில் வந்தது நிம்மதிதான். பொய் சொல்வானேன். அவள் பூட்டு அவனை நிறுத்தவில்லை. அப்படியானால் அவள் பூட்டு அவனைக் கொல்லவுமில்லை. அவன் குடித்தது அவள் கையிலும் இல்லை, துதோரா கையிலும் இல்லை. வருஷக்கணக்காகத் தோளில் கிடந்த மூட்டை சரிந்து விழுந்தது போல அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிம்மதி படியேறி முற்றத்துக்கு வரும் வரைகூடத் தாங்கவில்லை. பாதிப் படியில் நின்றாள்.

"அக்கா, அவனுக்கு ஒயின் இருந்திருக்கு."

"அதைத்தானேடி சொல்லிட்டு இருக்கேன்."

"அப்ப அன்னைக்கு எதுக்கு வந்து என் கதவைத் தட்டினான்?"

துதோராவும் ஒரு படி கீழே நின்றுவிட்டாள்.

அக்கா, தொற. கொஞ்ச நேரம்தான். அவன் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒயின் என்ற சொல் இல்லை. சாவி என்ற சொல் இல்லை. கூட்டத்தில் எத்தனையோ தடவை, 'ஒயின் கேட்டு வந்தான், நான் தரல' என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லைச் சேர்த்தது அவள்தான்.

"குளிருக்கு ஒதுங்க வந்திருப்பான்" என்றாள் துதோரா.

"இருக்கலாம்."

"குடியை விடலாம்னு உங்கிட்ட வழி கேக்க வந்திருப்பானோ என்னவோ."

"இருக்கலாம்."

"சும்மா உன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போக வந்திருப்பான்."

புரோஃபிரா மீதிப் படிகளை ஏறினாள். யாரிடம் கேட்பது? பூட்டிக் காக்கவோ திறந்து பார்க்கவோ இனி ஒன்றுமில்லை. அவன் எதற்கு வந்தான் என்பது அவனோடு போய்விட்டது. அவள் குடித்தாலும் அது திரும்பி வராது, குடிக்காமல் ஆயிரம் வருஷம் இருந்தாலும் வராது. அன்று சாயங்காலம் அவளுக்குக் குடிக்க வேண்டும் போலிருந்தது. அதை மறைக்காமல் போய் ஹராலம்பி வீட்டு வாசலில் நின்று, "எனக்குக் குடிக்கணும் போல இருக்குண்ணே" என்றாள். அவன் உள்ளே விட்டான். அவன் மனைவி சூப் வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. விதைத்த மக்காச்சோளம் முளைக்குமா முளைக்காதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இறந்தவர் ஈஸ்டர் அன்று கல்லறைத் தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கல்லறைகளின் மேல் விரிப்புகள், அவற்றின் மேல் வளைய ரொட்டி, சிவப்பு முட்டை, மெழுகுவத்தி. பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாகப் பாடிக்கொண்டே போனார். துதோரா தன் வீட்டு ஒயினை ஒரு குடம் கொண்டுவந்து இலாரியோனின் தலைமாட்டில் வைத்தாள்.

"இது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ இந்தப் பக்கம் பாக்காத."

புரோஃபிரா பார்த்தாள். வாடையும் வந்தது. வாயில் எச்சில் ஊறியது. வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுந்து போகவுமில்லை. பழச்சாற்றுக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற ஹராலம்பி, "வாயால மூச்சு விடு, தங்கச்சி" என்று முணுமுணுத்தான். அவனும் வாயால்தான் விட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் முறை வந்தது. வளைய ரொட்டியில் மெழுகுவத்தியைக் குத்தி ஏற்றினாள். புதுத் துண்டில் வைத்து, கல்லறைக்கு மேலாகத் துதோராவிடம் நீட்டினாள். ரொட்டியின் நடுவில் ஒரு சாவி சிவப்பு நூலில் கட்டியிருந்தது.

"நிலவறைச் சாவிதான் எங்கிட்ட இருக்கேடி" என்றாள் துதோரா. பிறகு உற்றுப் பார்த்தாள். "ஏய், இது உன் வீட்டுச் சாவி!"

"ஆமா. இலாரியோன் ஆத்மாவுக்கு."

துதோராவின் கை நடுவழியில் நின்றுவிட்டது. இங்கே கொடுத்தது அங்கே யார் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? "வேற சாவி வச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப எப்படிடி பூட்டுவ?"

"பூட்டப் போறதில்ல."

வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியாது. தானத்தை மறுப்பது செத்தவனைக் கதவடைத்து அனுப்புவது போல. துதோரா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வாங்குகிறவர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "ஆண்டவர் மன்னிக்கட்டும்." 

அந்த வாரமே மறுபடி தென்காற்று அடித்தது. குழாயைத் துதோரா உருவிப் போட்டுவிட்டாள். பீப்பாயும் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. வால்நட் மரம் ஆடியது. புரோஃபிரா சமையலறையில் உட்கார்ந்து காத்திருந்தாள். தட்டவில்லை. அந்தச் சத்தம் இருந்தபோது பயந்தாள், இல்லாதபோது அதைவிடப் பயமாக இருந்தது. வருஷக்கணக்காகத் தம்பி என்று நினைத்தது வெறும் இரும்பு நட்டு. இப்போது அதுவும் இல்லை. கை கழுத்துக்குப் போயிற்று. சிலுவை மட்டும் இருந்தது.

காற்று பலமாக ஒருமுறை ஊதியது. பூட்டில்லாத கதவு கிறீச்சிட்டு ஒரு சாண் திறந்தது. வெளியே முற்றத்து இருட்டு. யாரும் இல்லை. அடுப்புச் சாம்பல் பறந்து மேஜை மேல் படிந்தது, குளிர் அவள் கணுக்காலைத் தொட்டது. எழுந்து போய்ச் சாத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

அவள் எழவில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காலால் சற்று வெளியே தள்ளினாள்.

"வாடா" என்றாள். "கொஞ்ச நேரம்தானே."